ஒரு மேசைக்கு ஒரு குரல்

ஆகஸ்ட் 7, புதன்

புதன்கிழமைக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. ஸ்வீடன்காரர்களுக்கு அது காலைக் காப்பி நேரம். நமக்கு வயிறு கத்துகிற பன்னிரண்டரை. அவர்கள் ஆளுக்கொரு கணினியில், ஆளுக்கொரு கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மறைமலைநகர் ஆய்வகத்தில் நாங்கள் ஏழு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒரு கணினி, ஒரு மைக். மைக் என் முன்னால் இருக்கும். குழுத் தலைவி என்பதால் மட்டுமல்ல, அந்த ஆங்கிலத்தைக் கேட்டாலே மற்றவர்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வருஷமாக நான்தான் பேசுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

இன்றைக்கு அங்கத்திய பொறியாளர் லேனா ஒரு சிக்கலான கேள்வி கேட்டாள். நாங்கள் செய்வது, அறைக்காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். உள்ளே இருக்கும் சின்ன மணிகள்தான் பிரிக்கின்றன. ஈரம் குடித்துவிட்டால் அவை வீண். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் நம் இயந்திரம் ஏன் உடனே வேலையைத் தொடங்காமல் தொண்ணூறு வினாடி வெறுமனே ஓடுகிறது என்று கேட்டாள். மேசையின் இடது ஓரத்தில், சோதனை இயந்திரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த இன்னாசிராஜ் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார். கரண்ட் இல்லாத நேரத்தில் குழாய்க்குள் நம் ஊர் ஈரக்காற்று நின்றுவிடுகிறது, அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் மணிகளைத் தொட வேண்டும். நான் அதையே கொஞ்சம் அழகாகச் சொன்னேன். "அருமை, தமயந்தி" என்றார் தலைமையகத்துப் பெரியவர் ஹென்ரிக்.

வீட்டில் வாஷிங் மெஷின் சுற்றாமல் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மெக்கானிக் வரவில்லை.

தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டிய விளக்கப் படங்களை இன்னாசி கொண்டுவந்தார். ஒரு குவியல். அதில் முக்கால்வாசி, செய்து பார்த்துத் தோற்றுப்போனவை. இதைச் செய்தோம், கெட்டது. அதைச் செய்தோம், அதுவும் கெட்டது. நல்ல பிள்ளைதான். தூத்துக்குடிக்காரர், எம்.இ. படித்தவர், புனேயில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்காகவே வந்தவர். எதை எங்கே காட்டுவது என்பதுதான் தெரியாது. நம் வண்டவாளத்தை நாமே எடுத்துக் கடல் கடந்து ஏற்றுமதி செய்வானேன்? வென்றதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

"மேடம், அந்த நாப்பது செகண்ட் சோதனை மட்டுமாவது இருக்கட்டுமே" என்றார்.

"அது ஃபெயில்தானே?"

"ஃபெயிலுதான் மேடம். அதனாலதான் சொல்லுதேன். அது மொதல்ல நல்லாத்தான் இருக்கும், பொறவு..."

அதற்குள் எனக்கு மேலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்புறம் பேசலாம் என்று கிளம்பிவிட்டேன். படங்கள் இப்போது பளிச்சென்று இருக்கின்றன. எதையும் பூசி மெழுகவில்லை, சுருக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஹென்ரிக் செப்டம்பரில் நேரில் வருகிறாராம். "நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கற்றுக்கொள்ள வேண்டும். அறிவைப் பகிர்ந்தால்தான் புதுமை பிறக்கும்" என்றார். இந்த வாக்கியத்தை அவர்கள் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், திரையில் அவருக்குப் பின்னால் தெரியும்.

எல்லாருக்கும் சந்தோஷம். சாப்பாட்டுக்கு எங்கே அழைத்துப்போவது, எவ்வளவு காரம் போடச் சொல்வது என்பதிலேயே மாலை வரை ஓடிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மெக்கானிக் வந்தான். பெல்ட் போயிற்றாம். பெல்ட் வாங்கப் போனவன் போனவன்தான்.

செப்டம்பர் 4, புதன்

ஹென்ரிக் வந்தார். நல்ல உயரம், மெதுவான பேச்சு. ஒவ்வொருவரும் தம் வேலையைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு உள்ளூரக் கலக்கம். பக்கத்திலேயே நின்றேன்.

இன்னாசி தொடங்கினார். "வென் தி பவர் கம்ஸ் பேக்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். இயந்திரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். ஹென்ரிக் காத்திருந்தார். எத்தனை நேரம்தான் ஒரு விருந்தாளியைக் காக்கவைப்பது? மீதியை நான் முடித்தேன். அப்புறம் அவர் இன்னொன்று தொடங்கினார், அதையும் நான்தான் முடிக்க வேண்டியிருந்தது. ஹென்ரிக் என் பக்கம் திரும்பிக்கொண்டு குறிப்பெடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னாசி எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

பிறகு, "ரொம்பக் கஷ்டப்படுத்திட்டாரா?" என்று கேட்டேன். "பரவால்ல மேடம். நீங்க நல்லாச் சொல்லிட்டீங்க" என்றார். அவருக்கும் பெரிய நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு கொஞ்சம் இளகிவிட்டது, பூரணம் எட்டிப் பார்த்தது.

ஹென்ரிக் வந்த கதையை வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் கேட்டுக்கொண்டே நான்கு கொழுக்கட்டையை முடித்துவிட்டு, "வீட்லயும் நீ அப்படித்தான். போன மாசம் டாக்டர் எனக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. நீ சொன்ன. நீ சொன்ன இடத்துக்கே மருந்து குடுத்து அனுப்பிட்டாரு" என்றார்.

"தப்பாவா சொன்னேன்?"

"தப்புன்னு சொல்லல. வலி வேற இடத்துல இருந்துச்சு."

முப்பது வருஷ பேங்க் உத்தியோகம், வாயைத் திறந்தால் குத்தல். எழுந்து போய் ஊறவைத்த துணியைக் கையாலேயே துவைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

கூட்டம் முடிந்ததும் ஹென்ரிக் என்னை மட்டும் தனியாக இணைப்பில் இருக்கச் சொன்னார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், நான் என் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சென்னை ஆய்வகத்தை மூடுகிறார்கள். எல்லாம் இனி தலைமையகம் இருக்கும் கோத்தன்பர்க்கில் ஒரே இடத்தில். இங்கே இருப்பது முழுவதும் பதிவாகிவிட்டது, பகிரப்பட்டுவிட்டது என்றார். ஒரே ஒருவரை மட்டும் அங்கே அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. "அது யார் என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை" என்றார். நான்தான்.

அக்டோபர் பதினான்காம் தேதி எல்லாருக்கும் அறிவிப்பார்கள். அதுவரை மூச்சு விடக்கூடாது.

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அப்புறம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் இன்னாசி சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், இயந்திரத்தின் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொண்ணூறு வினாடி அவருடைய மூளையில் பிறந்தது. என்னை அழைத்துப் போய் என்ன செய்வார்கள்?

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று ஹென்ரிக்குக்கு எழுதினேன். எனக்குப் பதிலாக இன்னாசிராஜை எடுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இருவரையும் என்று. நிஜமாகவே எழுதினேன். அனுப்புவதற்கு முன் முதல் வரியை மட்டும் மாற்றி, "இருவரையும்" என்பதை முன்னால் வைத்தேன்.

இன்று பதில். "குழுவினர் மீது உங்களுக்கு இருக்கும் இந்தப் பெருந்தன்மைதான் நீங்கள் எங்களுக்கு வேண்டும் என்பதற்குக் காரணம்."

பெருந்தன்மையாம்! மறுபடியும் எழுதினேன். ஈரக்காற்றைத் தள்ளும் யோசனை அவருடையது, எத்தனையோ மாதம் அவர் தனியாக முட்டி மோதியது, நான் எடுத்துச் சொன்னவள் மட்டும்தான் என்று. மாலைக்குள் பதில் வந்துவிட்டது. நல்ல தலைவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக் கூட்டங்களின் பதிவுகளையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னது நீங்கள்.

இதற்கு மேல் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள்.

செப்டம்பர் 25, புதன்

ஒரு வழி தோன்றியது. இன்னாசியே பேசிவிட்டால்? லேனா காதால் கேட்டுவிட்டால்?

அவருக்குத் தனிக் கணினி, தனி மைக் ஏற்பாடு செய்தேன். இந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும் என்றேன். "என்னத்துக்கு மேடம் திடீர்னு?" என்று கேட்டார். சும்மாதான், ஒரு மாற்றத்துக்கு என்றேன். வேறு என்ன சொல்வது, வாயில் பூட்டு போட்டிருக்கிறார்களே. திங்களும் செவ்வாயும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே சொன்னார். இன்று இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார்.

நான் மேசையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிஷம் தடுமாறாமல் பேசினார். அப்புறம் லேனா கேட்டாள், ஒரே நாளில் பல தடவை கரண்ட் போனால் ஒவ்வொரு தடவையும் இதே நேரம்தானா என்று. இன்னாசி பேசவில்லை. கட்டத்துக்குள் அவர் முகம் அசையாமல் நின்றது. லேனா காத்திருந்தாள். ஹென்ரிக் காத்திருந்தார். எங்கள் பையன்கள் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். "தமயந்தி, ஒருவேளை நீங்கள்..." என்றாள் லேனா.

சொன்னேன். சொல்லாமல் என்ன செய்திருக்க முடியும்? அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

முடிந்ததும் இன்னாசி கணினியை மூடிவிட்டு வந்தார். "பயந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்ல மேடம். யோசிச்சிட்டு இருந்தேன். அவங்க கேட்டது நல்ல கேள்வில்லா?"

செப்டம்பர் 26, வியாழன்

மனிதவளத் துறைப் பிரசன்னாவைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும், மேசையில் போன்சாய் வளர்க்கிறான். "மேம், லிஸ்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. உங்க பேர் சேஃப்" என்று எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பினான்.

அக்டோபர் 10, வியாழன்

ஆய்வகத்தில் ஆயுத பூஜை. சோதனை இயந்திரத்தை இன்னாசி காலையிலேயே வந்து துடைத்து வைத்திருந்தார். மற்றவர்கள் சந்தனம் குங்குமம் வைக்க, காற்று போகும் துளையில் மட்டும் பட்டுவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு நின்றார். "சாமிக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியாதுல்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பொரி தின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை இருக்கிறது என்றார். இயந்திரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைத் தானே அளந்து, எத்தனை வினாடி ஓடவேண்டும் என்று தானே முடிவெடுக்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கணக்கு, ஊட்டியில் ஒரு கணக்கு. "கரண்ட் வந்ததும் ஒரு நோயாளி தேவையில்லாம காத்துக் கெடக்க வேண்டாம் பாருங்க. வேற எந்தக் கம்பெனியில மேடம் இதையெல்லாம் செஞ்சு பாக்க விடுவாங்க? இங்க இருக்குற மத்த கம்பெனியெல்லாம் சேல்ஸும் சர்வீஸுந்தான்" என்றார்.

நான் பொரியை மென்றுகொண்டே இருந்தேன். நன்றாக இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றேன். கேவலமாக இருந்தது. திங்கட்கிழமை என்று ஒன்று வராமலே போய்விடக் கூடாதா என்று அந்தச் சந்தனம் வைத்த இயந்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

சொல்லிவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பிரசன்னாவின் அறைக்குள் போனார்கள், கையில் ஒரு உறையோடு வெளியே வந்தார்கள். அவ்வளவுதான். இங்கே செய்த வேலையைப் பற்றி உள்ளேயோ வெளியேயோ யாரிடமும் இனிப் பேசுவதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து. கணினிகளை அங்கேயே வாங்கி, இருந்ததை முழுக்க அழித்துவிட்டார்கள். அது விதியாம்.

இன்னாசி நேராக என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேடம்?"

"இல்ல. எனக்கும் இன்னைக்குத்தான்" என்றேன்.

தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. "நீங்களாவது போறீங்களே மேடம். நல்லதுதான். அந்த மிஷினப் பாத்துக்கிடுங்க" என்றார். அவர் வாய்விட்டு என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

இயந்திரத்தை மரப்பெட்டியில் அடைத்து ஏற்றினார்கள். நான் பெட்டிமேல் விலாசம் சரிபார்த்தேன்.

நவம்பர் 12, செவ்வாய், கோத்தன்பர்க்

வந்து ஒரு வாரம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அரிசி கிடைக்கிறது, புளி ஒரு ஈரான்காரர் கடையில் கிடைக்கிறது. இவர் தொலைபேசியில் தினமும் ரசம் வைப்பது எப்படி என்று கேட்கிறார். லேனா அன்பானவள், எனக்கு ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தாள்.

இன்று அவள் ஒரு மாற்றத்தைக் காட்டினாள். தொண்ணூறு வினாடி நீளம், மூச்சுக்குத் தவிக்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது, நாற்பதாகக் குறைக்கலாம் என்கிறாள். நியாயமான பேச்சுதான். ஆனால் நாற்பது என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"அதைச் செய்து பார்த்திருக்கிறோம். தோற்றது" என்றேன்.

"அப்படியா? எங்கே பதிவாகியிருக்கிறது? நான் எல்லாவற்றையும் படித்தேனே" என்றாள்.

மாலை முழுக்கத் தேடினேன். நான் அனுப்பிய படங்கள் அத்தனையும் இருக்கின்றன, அழகாக, வரிசையாக. அதில் நாங்கள் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

நவம்பர் 13, புதன்

இன்னாசியை அழைத்தேன். தாம்பரத்தில் மருத்துவக் கருவிகளை விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். பின்னால் பஸ் ஹாரன்.

"குளிரு எப்படி இருக்கு மேடம்? சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?"

எல்லாம் சொல்லிவிட்டு, அந்த நாற்பது வினாடிச் சோதனை எப்படித் தோற்றது என்று கேட்டேன்.

"மேடம், நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். பேசக்கூடாதுன்னு."

"நான்தானே கேக்கறேன் இன்னாசி?"

"நீங்கதான் மேடம். கம்பெனி ஆளுங்ககிட்டயும் பேசக்கூடாதுன்னு போட்டிருக்கு. இங்க சேரும்போது அந்தத் தாளைக் காட்டச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க. சின்னக் கம்பெனி. பிரச்சனைன்னா மொத என்னையத்தான் அனுப்புவாங்க. எம்பொண்ணு இப்பத்தான் யூ.கே.ஜி. மேடம். நீங்க அவங்ககிட்ட எழுதி ஒரு அனுமதி வாங்கித் தாங்க. மறு நிமிஷம் எல்லாத்தையும் சொல்லுதேன். எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு."

சட்டப் பிரிவுக்கு எழுதினேன். முன்னாள் ஊழியரை ஆலோசகராக எடுக்கத் தனி ஒப்பந்தம் வேண்டும், புத்தாண்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. தயாரிப்பு டிசம்பரில் தொடங்குகிறது.

நவம்பர் 15, வெள்ளி

முடிவெடுக்கும் கூட்டம். இங்கே நீள மேசை, ஆளுக்கொரு மைக். லேனா நாற்பது வினாடித் திட்டத்தை விளக்கினாள். இரண்டு வாரச் சோதனை, அதில் தேறினால் தயாரிப்புக்குப் போகலாம். ஆட்சேபம் உண்டா என்று ஹென்ரிக் கேட்டார். உண்டு என்றேன்.

"முதலில் நன்றாக இருக்கும். பிறகு கெட்டுப்போகும்."

"எவ்வளவு நாள் கழித்து?" என்றாள் லேனா.

"தெரியாது."

"எதனால்?"

"தெரியாது. இன்னாசிராஜுக்குத் தெரியும். அவர் சொல்ல வந்தார். நான் முழுசாகக் கேட்கவில்லை."

லேனா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். "மன்னிக்கணும், அன்றைக்குத் தனியாகப் பேசி நடுவில் நின்றுவிட்டாரே, அவரா? மற்ற நாட்களில் மேசையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்?"

இடது ஓரம் என்றேன். அவள் ஒரு பழைய கூட்டத்தின் பதிவைத் திறந்து சுவரில் காட்டினாள். எங்கள் மேசை. நடுவில் நான், பச்சைப் புடவையில். இடது ஓரத்தில் காமிரா முடிகிற இடத்தில் ஒரு நீலச் சட்டைக் கை மட்டும், முழங்கை வரைக்கும். பதிவில் லேனா ஏதோ கேட்கிறாள். நான் உடனே பதில் சொல்வதில்லை. இடது பக்கம் சாய்கிறேன். சத்தமே இல்லை. அந்த மைக் பக்கத்தில் இருப்பவர் குரலை மட்டும்தான் பிடிக்கும். பிறகு நிமிர்ந்து, சரளமாக, அழகாகப் பேசுகிறேன். லேனா இன்னொரு பதிவை ஓட்டினாள். அதிலும் சாய்கிறேன், நிமிர்கிறேன், பேசுகிறேன். அடுத்ததிலும் அதேதான்.

"உங்கள் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இந்த இடைவெளி வரும். சென்னை இணைப்பு மெதுவானது என்றே நினைத்திருந்தோம்" என்றாள் லேனா.

யாரும் சிரிக்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். என் வளையல் சத்தமும் இயந்திரத்தின் இரைச்சலும்தான் பெரிதாகின.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, தமயந்தி?" என்று ஹென்ரிக் மெதுவாகக் கேட்டார். மைக்கில் சின்ன விளக்கு எரிந்தது. நான் இடது பக்கம் திரும்பினேன். அங்கே காலி நாற்காலியில் யாருடைய கோட்டோ கிடந்தது.

சோதனை திங்கட்கிழமை தொடங்குகிறது. பொறுப்பு என் பெயரில்.